வாளிக்கு ஒரு மூடி

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மஞ்சக்கோடு' என்றால்தான் திரும்புவாள். காரணம் தரையில் இருக்கிறது. கூடத்தை இரண்டாகப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அழுக்கு. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் ஆபரேஷன் அங்கியையும் அங்கேதான் பிரிப்பார்கள். இந்தப் பக்கம் சுத்தம். வெளுத்துக் காய்ந்து வந்ததை ரோலரில் விட்டுத் தேய்த்து மடிப்பார்கள். சுத்தப் பக்கத்து ஆள் கோட்டைத் தாண்டினால் அங்கி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். விதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான். எவருடைய செருப்பு நுனி கோட்டின்மேல் பட்டாலும் ஏழு மேசை தள்ளி நின்றுகொண்டு, "ஏய், கால்!" என்று கத்துவாள். சூப்பர்வைசரே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அன்றிலிருந்து அந்த மனுஷன் தரையைப் பார்த்தபடியேதான் நடக்கிறார்.

கிருமி என்பது மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சொல். அவளுக்கோ அது எதிர்வீட்டுச் சண்டைக்காரியைப் போல நன்றாகத் தெரிந்த ஆள். எந்த வழியாக வரும், எதில் ஒளிந்துகொள்ளும், எதைக் கண்டால் ஓடும் என்று எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தாள். எதைக் கண்டால் ஓடும் என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான்: கிருமிநாசினி. கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள், 'வாளிக்கு ஒரு மூடி' என்று. அதாவது ஒரு வாளித் தண்ணீருக்குப் புட்டி மூடியால் ஒரு மூடி மருந்து. வீட்டிலும் அதுதான் கணக்கு. தரை துடைக்க ஒரு மூடி, லாரி ஓட்டும் புருஷனின் சட்டையை ஊறவைக்க ஒரு மூடி, குளியலறை கழுவ ஒரு மூடி. பதினோரு வருஷம் அந்த நெடியில் நின்று நின்று அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். இவளுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கரு தங்கி, மூன்றாவது மாதத்தில் கலைந்துபோனது. அப்போது அவள் அழுக்குப் பக்கம் வேலை பார்த்தாள். அன்று பார்த்த டாக்டர், "சில சமயம் இப்படி ஆகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏன் ஆகும், எதனால் ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தானே நீதிபதியாக உட்கார்ந்து தனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். எத்தனையோ பேருடைய ரத்தமும் சீழும் பட்ட துணியை வயிற்றோடு அணைத்துத் தூக்கினோமே, அதில் ஏதோ ஒன்று உள்ளே போய்ப் பிள்ளையைத் தின்றுவிட்டது. இதுதான் தீர்ப்பு. இதைப் புருஷனிடம் சொல்லவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், தரையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியைச் சுற்றி நடப்பது போல.

மறுபடி நாள் தள்ளிப்போனதும் முதல் வேலையாகச் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். "என்னைச் சுத்தப் பக்கம் மாத்துங்க, இல்லன்னா வேலையே வேணாம்." அவர் மறுபேச்சுப் பேசாமல் ரோலருக்கு மாற்றினார். ரோலர் என்பது இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை. இந்த முனையில் ஒருத்தி ஈர விரிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த முனையில் ஒருத்தி தேய்ந்து வருவதை வாங்கி மடிக்க வேண்டும். வாங்கி மடித்தவளுக்கு ரோலர் அக்கா என்று பெயர். மூன்று பெற்றவள், வாய் ஓயாதவள். கொடுக்கிற முனைதான் இவளுக்குக் கிடைத்தது. அங்கே நாள் முழுக்க ஆவி அடிக்கும். பத்து நிமிஷத்தில் சீருடை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது போதாதென்று அவள் உள்ளே இன்னொன்றும் போட்டிருந்தாள். இடுப்பிலிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் நைலான் உள்ளாடை அது. முதல் பிள்ளை நழுவிப் போன மாதிரி இது நழுவிவிடக் கூடாது என்று அவளாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. காலையில் ஏற்றினால் சாயங்காலம்தான் இறக்குவாள். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

மூன்றாவது மாதம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது. நடுவில் ஒரு தரம் ஈறு வீங்கிக் கன்னம் உப்பியது. பல் டாக்டர் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லாத ஆன்டிபயாடிக் மாத்திரை ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். கிருமியைக் கொல்லும் மாத்திரை என்றால் அவளுக்கு இனிப்பு மாதிரி.

மாத்திரை முடிந்த அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் புழுக்கம் தாங்காமல் சுருண்டு விழுந்தாள். விழுந்தவள் மேல் பாதி பிரித்த விரிப்பு மூட்டை சரிந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. மஞ்சக்கோடு ஓடினாள். அங்கி இல்லை, கையுறை இல்லை, முகமூடி இல்லை. அவளை வாரியெடுத்து, மேலே கிடந்த ஈர விரிப்பைத் தள்ளி, காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்த பிறகுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் ஈரம். வயிற்றின்மேல் சீருடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கால் இருந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அன்று மூன்று தடவை குளித்தாள். சரியாகப் பதினோராம் நாள் அரிப்பு தொடங்கியது.

முதலில் லேசாகத்தான் இருந்தது. வேர்வை என்று நினைத்தாள். இரண்டு நாளில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒன்றுக்குப் போனால் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. உள்ளாடையில் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக வெள்ளை. கோட்டைத் தாண்டிய நாளிலிருந்து அரிப்பு தொடங்கிய நாள் வரை விரல்விட்டு எண்ணினாள். பதினோரு நாள். எந்தக் கிருமியும் உள்ளே போய் வேலையைக் காட்டுவதற்குச் சில நாள் எடுத்துக்கொள்ளும் என்று கூடத்துப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த மூட்டை எந்த வார்டிலிருந்து வந்தது? யார் படுத்த விரிப்பு அது? படுத்தவர் எழுந்து வீட்டுக்குப் போனாரா, போகவில்லையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் கண்ணுக்கு வெள்ளை விரிப்பெல்லாம் பேயாகத் தெரிந்தது.

டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம், எதிர்க் கட்டடம்தான். ஆனால் போனால் "எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்களே! கோட்டைத் தாண்டினேன் என்று சொல்ல வேண்டுமே! ஊரெல்லாம் "கால், கால்" என்று கத்திய வாய் அதை எப்படிச் சொல்லும்? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. போனால், "பிள்ளை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். போகாதவரை பிள்ளை இருக்கிறது. பயந்துபோன மனசு போடும் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஆகவே தனக்குத் தெரிந்த வைத்தியத்தை எடுத்தாள். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு மூடி கிருமிநாசினி ஊற்றி, அந்தத் தண்ணீரில் கழுவினாள். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை. எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாம் நாள் அரிப்பு இரண்டு மடங்கானது. அவளும் கழுவுவதை இரண்டு மடங்காக்கினாள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்த நாட்களில் அவளைப் பயமுறுத்திய இன்னொரு சின்ன விஷயம் உண்டு. கழுவத் தொடங்கிய நாளிலிருந்து, கூடத்துப் பழக்கத்தில், எவ்வளவு மருந்து மீதி இருக்கிறது என்று புட்டியின்மேல் பேனாவால் கோடு போட்டு வைத்தாள். சனிக்கிழமை போட்ட கோட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. வேளைக்கு ஒரு மூடி ஊற்றினால் அவ்வளவு இறங்காதே? கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறேனா? மூடியை எண்ணக்கூடத் தெரியாமல் புத்தி பேதலித்துவிட்டதா? இன்னொரு கோடு போட்டாள்.

புருஷன் மேலும் சந்தேகம் வந்தது. அவன் லாரியில் போனால் மூன்றாம் நாள்தான் வருவான். எந்த ஊரில் எங்கே படுக்கிறான், எங்கே குளிக்கிறான் என்று இவள் கேட்டதில்லை. அப்படிக் கேட்கிற மாதிரி அவன் நடந்துகொண்டதும் இல்லை. ஆனால் இப்போது ஒன்று கண்ணை உறுத்தியது. வீட்டுக்குள் வந்ததும் அவன் அவளைத் தொடமாட்டான். பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். அரை மணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். இரண்டு வருஷமாக அப்படித்தான். தூசியைக் கழுவுகிறான் என்று இருந்தவளுக்கு, 'என்னத்தை இவ்வளவு நேரம் கழுவுறாரு?' என்று இப்போது நெஞ்சுக்குள் ஒரு முள் ஏறியது. எங்கேயாவது போய் எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நம் தலையில் கட்டிவிட்டாரோ? நினைத்த மறுகணமே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் குளித்துவிட்டு வந்தவன், "சாப்பிட்டியா?" என்று கேட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு "ம்" என்று மட்டும் சொன்னாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தான்.

ரோலர் அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. விரிப்பு கோணலாக வருவதை வைத்தே ஆளைச் சொல்லுவாள்.

"என்னடி, ஒத்தக் கால்ல நிக்கிற? கொக்கு மாதிரி."

"ஒண்ணுமில்லக்கா. கால் மரத்துப்போச்சு."

"மூணு பெத்தவகிட்ட முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்காத. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. புள்ள அசையுதா?"

"இன்னும் தெரியலக்கா."

"அஞ்சாவது இப்பதானே ஆரம்பிச்சிருக்கு, தெரியும் தெரியும்." அக்கா சொல்லிவிட்டாளே தவிர, கண்ணை அவள் மேலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, டீ குடிக்க விட்ட நேரத்தில், சலவைக்கூடக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் ரத்தத்தைப் பார்த்தாள். அதிகமில்லை. வெள்ளைக்கு நடுவில் சிவப்பாக இரண்டு இழை. முதல் தரமும் இப்படித்தான் இரண்டு இழையில் தொடங்கியது.

சுவரில் பதித்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏன் எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணினாள். 'போகாதே, போகாதே' என்று வாய் முணுமுணுத்தது. யாரிடம் சொல்கிறாள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும். வெளியே அக்கா கதவைத் தட்டினாள். இரண்டாம் முறை தட்டியபோதுதான் கதவைத் திறந்தாள். அக்காவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"ரத்தமா?" என்றாள் அக்கா.

தலையாட்டினாள்.

"நட." வேறு பேச்சில்லை. சூப்பர்வைசர் "எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வந்தாத் தெரியும்" என்று ஒரு போடு போட்டுவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக எதிர்க் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெண்கள் பிரிவில் கூட்டம் இருந்தது. ரத்தம் என்று சொன்னதும் உடனே உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா நரைத்த தலை, கறார் முகம். விரிப்பு போட்ட கட்டிலில் படுக்கச் சொன்னார். மஞ்சக்கோடு அந்த நிலைமையிலும் விரிப்பின் ஓரத்தைப் பார்த்தாள். தான் தேய்த்த விரிப்புதான். அதன்மேல் படுத்தபோது உடம்பு ஜில்லிட்டது.

டாக்டரம்மா அவள் வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்துத் தேடினார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். கரகர என்று இரைச்சல்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கீழே நகர்த்தினார். வெறும் இரைச்சல். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முதல் தரமும் இப்படித்தான் தேடினார்கள். தேடித் தேடி, பிறகு கருவியைத் துடைத்து உள்ளே வைத்தார்கள்.

அப்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. தூரத்துக் கூடத்தில் துணி பிழியும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி, கடகடவென்று, நிற்காமல்.

"இதோ இருக்கு" என்றார் டாக்டரம்மா. "நல்லா ஓடுது."

அவள் அழவில்லை. நம்பத் தைரியம் வரவில்லை. "அப்ப ரத்தம்?" என்றாள்.

டாக்டரம்மா விளக்கை இழுத்துக் கீழே பரிசோதித்தார். ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது.

"ரத்தம் கர்ப்பப்பையிலேர்ந்து வரல. வாய் நல்லா மூடியிருக்கு. வெளித்தோல்தான் வெடிச்சிருக்கு, அதுலேர்ந்துதான். வெள்ளையைப் பார்த்தா ஈஸ்ட். பூஞ்சைத் தொற்று. ஆனா தோல் ஏன் இப்படி வெந்து கிடக்கு? எதுல கழுவுறீங்க?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். கொஞ்சம் பெருமைகூட வந்தது. "வாளிக்கு ஒரு மூடி, டாக்டரம்மா. நாலு வேளை."

"என்ன மூடி?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கதவோரம் நின்ற ரோலர் அக்கா, "அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அது தரை தொடைக்கிறது. உடம்பு தரையா?"

"கிருமி சாக வேணாமா?"

"செத்துச்சு. நல்ல கிருமியெல்லாம் செத்துச்சு." டாக்டரம்மா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த ஈஸ்ட் வெளியிலேர்ந்து ஏறி வர்ற எதிரி இல்லம்மா. உங்ககிட்ட, என்கிட்ட, அந்த அக்காகிட்ட, நிறைய பேர்கிட்ட கொஞ்சம் எப்பவும் இருக்கும். அதைத் தலையெடுக்க விடாம நல்ல கிருமி காவல் காக்கும். வயித்துல புள்ள வந்தா உடம்புல ஹார்மோன் ஏறும். அந்த இடத்துல சர்க்கரைச் சத்து கூடும். ஈஸ்டுக்கு அது விருந்து. அதனாலதான் மாசமா இருக்கறப்ப நிறைய பேருக்கு இது வருது. நடுவுல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

ஈறு வீங்கிய கதையைச் சொன்னாள்.

"சாப்பிட வேண்டிய மாத்திரைதான், தப்பில்ல. ஆனா அது காவல்காரங்களையும் சேர்த்துப் போட்டுத் தள்ளிடும். மிச்சம் இருந்தவங்களை நீங்க மூடி கணக்குல முடிச்சிட்டீங்க." அவர் பார்வை கட்டில் ஓரத்தில் கழற்றி வைத்திருந்த நைலான் உள்ளாடைக்குப் போனது. "அது எதுக்கு? இந்த வெக்கையில?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ள நழுவாம இருக்க."

டாக்டரம்மாவின் கோபம் அந்த ஒரு சொல்லில் எங்கேயோ போய்விட்டது. "இறுக்கிக் கட்டி நிறுத்தறதுக்கு அது மூட்டை இல்லம்மா. நாள் பூரா ஈரமும் சூடுமா, காத்துப் போகாம வெச்சிருந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். தளர்வா பருத்தித் துணி போடுங்க. வேர்த்தா மாத்துங்க. வெறும் தண்ணியில கழுவுங்க, வெளியில மட்டும். ஏழு நாளைக்கு உள்ள வைக்கிற மருந்து தர்றேன். நீங்களா கடையில போய் மாத்திரை வாங்கி முழுங்கக் கூடாது. சர்க்கரை ஏறியிருந்தாலும் இது வரும், அதையும் பார்த்துடுவோம். நாளைக்கு வந்து ரத்தம் கொடுங்க."

சர்க்கரையா என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அதைவிட முந்திக்கொண்டு வந்தது வேறு. "டாக்டரம்மா, நான் கோட்டைத் தாண்டினேன்."

"எந்தக் கோடு?"

எல்லாவற்றையும் கொட்டினாள். விழுந்த பெண், ஈர விரிப்பு, பதினோரு நாள். சொல்லி முடித்ததும், கதவோரம் நின்ற அக்காவுக்குக் கேட்காதபடி குரலை இறக்கி, "இது புருஷன்கிட்டேர்ந்து..." என்று இழுத்தாள்.

"அந்த விரிப்புலேர்ந்தும் வரல, அவர்கிட்டேர்ந்தும் வரல. வீணா யார் மேலயும் பழி போடாதீங்க. உங்க மேலயும்தான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். போகிறவள் போல இருந்தது. போகவில்லை. இரண்டு வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது.

"அப்ப மொத புள்ள? அழுக்குப் பக்கம் நின்னுதானே போச்சு?"

டாக்டரம்மா பதில் சொல்ல அவசரப்படவில்லை. எத்தனையாவது வாரம், காய்ச்சல் இருந்ததா, கையுறை போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தாவது வாரம். காய்ச்சல் இல்லை. கையுறை இரண்டு ஜோடி, ஒன்றின்மேல் ஒன்று.

"அந்த நாள்ல கலையறது பெரும்பாலும் கருவிலேயே இருக்கற கோளாறு. உருவாகும்போதே சரியா சேர்ந்திருக்காது. துணி தூக்கினதால போகல. நீங்க ஒண்ணும் பண்ணல."

"யாரும் சொல்லலையே" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. தான் தேய்த்த விரிப்பின் ஓரத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சுத்தப் பக்கத்து விரிப்பு, எச்சில் பட்டுவிட்டதே என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் ஓயாத வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் குளியலறைப் புட்டியை எடுத்தாள். போட்டு வைத்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது மருந்து. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய், தரை துடைக்கும் சாமான்களோடு வைத்துவிட்டாள். நைலான் உள்ளாடை குப்பைக்குப் போனது. பயம் முழுசாகப் போகவில்லை. நாளைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், சர்க்கரை என்னவென்று தெரிய வேண்டும். வயிற்றில் கைவைத்து, அந்த இயந்திரச் சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள்.

புருஷன் வந்தான். பையை வாசலில் வைத்தான். அவளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அந்த மருந்து பாட்டில் எங்க?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"எதுக்குங்க?"

உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது.

அவள் கதவருகே வந்தாள். "எதுக்குன்னு கேக்கறேன்ல."

"குளிக்கத்தான்" என்றான்.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் புட்டியின்மேல் போட்ட கோடுகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. "கதவைத் திறங்க" என்றாள். தாழ்ப்பாள் விலகியது. இடுப்பில் துண்டோடு, தப்புச் செய்து பிடிபட்டவன் போல நின்றான். கழுத்திலும் தோளிலும் தோல் வறண்டு வெள்ளையாகப் பாளம் பாளமாக உரிந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி? அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்ததே இல்லை.

"எப்பலேர்ந்து?"

"மொத புள்ள போனதுலேர்ந்து." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "ரோட்டோரம் எங்கெங்கயோ படுக்கறேன், கண்ட தண்ணியில குளிக்கறேன். என் மேலேர்ந்துதான் உனக்கு ஏதோ ஒட்டிக்கிட்டுப் புள்ள போச்சுன்னு... உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் வந்ததும் இதுல குளிச்சிட்டு அப்புறமா உன்கிட்ட வருவேன். இந்தப் புள்ளையாவது..." அவன் முடிக்கவில்லை.

அவள் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை, பின்னால் உள்ளது முன்னால் வந்தது. துணியால் இல்லை, ரோட்டால் இல்லை, உன்னால் இல்லை, என்னால் இல்லை. கருவிலேயே சேராமல் போனது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னாள். அவன் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"வாளிக்கு எத்தனை மூடி ஊத்துவீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"ரெண்டா? விதி ஒண்ணுதானேங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குனிந்து அவன் கழுத்தில் உரிந்த இடத்தைத் தொட்டாள். அவன் விலகப் பார்த்தான். குளிக்கும் முன்னால் தொட்டுவிட்டாளே என்று. அவள் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் குழாயைத் திறந்து, பாதியில் நின்றிருந்த வாளியை நிரப்பினாள்.

அன்று அவன் வெறும் தண்ணீரில்தான் குளித்தான்.